ரோஸுக்கு மட்டும் ஏன் கடைசியில் தெரிகிறது?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: "ஃப்ரெண்ட்ஸ் தொடரை நான் முழுதாகப் பார்த்ததில்லை. ஐந்தாம் சீசனில் மோனிகா–சாண்ட்லர் காதல் எல்லோருக்கும் தெரியவரும் எபிசோட்தான் சிறந்தது என்று பலர் சொல்லக் கேட்டு அதை மட்டும் பார்த்தேன். சிரிப்பு வந்தது, மறுக்கவில்லை. ஆனால் இத்தனை கொண்டாட்டம் எதற்கு? அப்புறம், நண்பர்கள் எல்லோரும் சேர்ந்து கூடப்பிறந்த அண்ணனிடம் மட்டும் மறைப்பது என்ன நியாயம்?"

நீங்கள் செய்தது, கல்யாண வீட்டுக்குச் சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் போய் இறங்கியது மாதிரி. பந்தி நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் யார் யாரோடு பேச்சில்லை, எந்தச் சித்தப்பா ஏன் தூண் ஓரமாக நிற்கிறார் என்று தெரிந்தவருக்கு அந்த வீட்டில் பார்க்க இன்னும் நிறைய இருக்கும். அதனால் முன்கதையைக் கொஞ்சம் சொல்லிவிட்டு வருகிறேன். ஃப்ரெண்ட்ஸ், நியூயார்க்கில் வசிக்கும் ஆறு நண்பர்களைப் பற்றிய அமெரிக்க நகைச்சுவைத் தொடர்: ரோஸ், அவன் தங்கை மோனிகா, சாண்ட்லர், ஜோயி, ரேச்சல், ஃபீபி.

1998 மே மாதம், நான்காம் சீசனின் கடைசி எபிசோட். ரோஸுக்கும் எமிலிக்கும் லண்டனில் கல்யாணம். நியூயார்க்கிலிருந்து போன நண்பர்கள் ஒரே ஹோட்டலில் தங்குகிறார்கள். காலையில் ரோஸ் சாண்ட்லரின் அறைக்குள் ஓடி வந்து "இன்னிக்கு எனக்குக் கல்யாணம்" என்று குதித்துவிட்டுப் போகிறான். கதவு மூடியதும் போர்வைக்குள்ளிருந்து மோனிகா தலையை நீட்டுகிறாள். லண்டனில் பார்வையாளர்களை உட்காரவைத்துப் படமாக்கிய காட்சி அது. அங்கே இருந்தவர்கள் போட்ட கூச்சலில் நடிகர்கள் அடுத்த வசனத்தைச் சொல்ல முடியாமல் நின்றார்கள். அந்த உறவைக் கொஞ்ச நாளில் முடித்துவிடலாம் என்றுதான் எழுத்தாளர்கள் முதலில் நினைத்திருந்தார்கள். அந்தக் கூச்சலைக் கேட்ட பிறகுதான் இதை அவசரப்படாமல் நிதானமாகக் கொண்டுபோகலாம் என்று முடிவானது.

அந்தக் காலைக் காட்சியிலேயே முழுக் கதையும் இருக்கிறது, கவனியுங்கள். கல்யாண மாப்பிள்ளை சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ள முதலில் ஓடி வருவது தன் உயிர் நண்பனின் அறைக்கு. போர்வைக்குள் இருப்பது அவனுடைய தங்கை. ரோஸும் சாண்ட்லரும் கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர்கள். சாண்ட்லர் மோனிகாவை முதன்முதலில் பார்த்ததே ரோஸ் அவனை நன்றி நவிலல் பண்டிகை விருந்துக்கு வீட்டுக்கு அழைத்துப்போனபோதுதான். அண்ணனின் நண்பனாக வீட்டுக்குள் வந்தவன் அவன்.

அதற்குப் பின் ஐந்தாம் சீசனில் இந்த ரகசியம் ஒவ்வொருவராகக் கசிகிறது. முதலில் ஜோயி. ஐந்தாவது எபிசோடில், ஹோட்டலில் மோனிகா விட்டுவிட்டு வந்த, கண் இமையைச் சுருட்டும் சின்னக் கருவியால் மாட்டிக்கொள்கிறார்கள். சாண்ட்லரோடு ஒரே வீட்டில் இருப்பவன் ஜோயி. அடுத்தது ரேச்சல், மோனிகாவோடு ஒரே வீட்டில் இருப்பவள். பதினொன்றாவது எபிசோடில், இனிமேல் வம்பு பேசமாட்டேன் என்று புத்தாண்டு சபதம் எடுத்த கையோடு போனை எடுத்து அவர்கள் பேசுவதைக் கேட்டுவிடுகிறாள். வம்பை விட்டவளுக்குத்தான் ஊரிலேயே பெரிய வம்பு கிடைக்கிறது! ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களுக்கு முதலில் தெரிகிறது, தனியாக வசிக்கும் ஃபீபிக்குப் பிறகு தெரிகிறது, ரத்த உறவுக்குக் கடைசியில். நம் வீடுகளிலும் காதல் சமாசாரம் பெரும்பாலும் இந்த வரிசையில்தானே நகரும்.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்தச் சமயத்தில் ரோஸ் குடியிருப்பதே சாண்ட்லர், ஜோயியின் வீட்டில்தான். கல்யாண மேடையில் எமிலியின் பெயருக்குப் பதில் ரேச்சலின் பெயரைச் சொல்லித் தொலைத்தவன் அவன். கல்யாணம் முறிந்தது. குடியிருந்த வீடு போனது. நன்றி நவிலல் விருந்தில் மிச்சமானதை வைத்துச் செய்த சாண்ட்விச்சை அலுவலகத்தில் எவரோ தின்றுவிட, அதற்காகக் கத்தி வேலையிலிருந்தும் கட்டாய விடுப்பு. ஆக, பெட்டிகளோடு நண்பர்கள் வீட்டில் முடங்கிக் கிடக்கிறான். ரகசியம் நடக்கும் வீட்டின் நடுக்கூடத்திலேயே படுத்திருக்கும் ஒரே ஆளுக்குத்தான் ரகசியம் தெரியாது.

சரி, இப்போது நீங்கள் பார்த்த எபிசோடுக்கு வருவோம். ஐந்தாம் சீசனின் 14ஆவது. 1999 பிப்ரவரி 11 அன்று அமெரிக்காவின் என்பிசி சேனலில் வந்தது. எழுதியவர் அலெக்ஸா ஜங், இயக்கியவர் மைக்கேல் லெம்பெக். இந்தத் தொடரின் எபிசோட் பெயர்கள் பெரும்பாலும் "இன்னது நடக்குமே, அது" என்ற பாணியில்தான் இருக்கும். எப்படியும் ஜனங்கள் அப்படித்தான் நினைவு வைத்துக்கொள்வார்கள் என்பது படைத்தவர்களின் கணக்கு. இதன் பெயரை அப்படியே தமிழில் சொன்னால் "எல்லோருக்கும் தெரிஞ்சுபோகுமே, அது". தலைப்பிலேயே முடிவைச் சொல்லிவிட்டுத் துணிந்து ஆரம்பிக்கிறார்கள்.

எதிர் வீட்டில் ஒரு மனிதர் உண்டு. முதல் சீசனிலிருந்தே அவர் உடம்பில் துணியில்லாமல் உலாத்துவதை மோனிகா வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்து ஆறு பேரும் கேலி செய்வது வழக்கம். முகத்தைக் காட்டவே மாட்டார்கள். இந்த எபிசோடில் அவர் வீட்டைக் காலி செய்கிறார். ரோஸ் அந்த வீட்டைப் பிடிக்கத் துடிக்கிறான். ரேச்சல், ஃபீபி இருவரையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போகிறான். ஃபீபி ஜன்னலருகே போய் நிற்கிறாள். எதிரே மோனிகாவும் சாண்ட்லரும் தெரிகிறார்கள். குழந்தை மாதிரி கையை ஆட்டிக் கூப்பிடுகிறாள். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கம் உடைகள் கழல ஆரம்பிக்கின்றன. ஆட்டிய கை அப்படியே நிற்க, ஃபீபி கண்ணைப் பொத்திக்கொண்டு போடும் அலறல் இருக்கிறதே, அதற்காகவே ஃபீபியாக நடித்த லிசா குட்ரோவுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இந்த இடத்தில் எழுத்தின் திறமையைப் பாருங்கள். ஐந்து சீசனாக இவர்கள் அந்த ஜன்னல் வழியே அடுத்தவர் நிர்வாணத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது அதே ஜன்னல் திரும்பிக்கொண்டது. அந்த வீட்டிலிருந்து பார்த்தால் இந்த வீடும் தெரியும் என்பது யாருக்கும் தோன்றாத ஒன்று. நமக்கும்தான் தோன்றவில்லை. புதிதாக எந்தத் தற்செயலையும் கொண்டுவராமல், வீட்டில் ஏற்கெனவே கிடந்த பழைய சாமானை எடுத்துத் திருப்பி வைத்தே வேலையை முடித்துவிட்டார்கள்.

ஃபீபி அலற, ரேச்சல் ஓடிவந்து "எனக்குத் தெரியும், ஜோயிக்கும் தெரியும், ரோஸுக்குத்தான் தெரியாது, கத்தாதே" என்று அடக்குகிறாள். அந்த நேரம் பார்த்து ரோஸ் உள்ளே வருகிறான். இருவரும் சட்டென்று அலறலைக் குதூகலமாக மாற்றி, வீடு கிடைக்கப்போகும் சந்தோஷத்தில் குதிப்பதாக நடிக்கிறார்கள். அவனும் கூடச் சேர்ந்து குதிக்கிறான், முதுகை ஜன்னலுக்குக் காட்டிக்கொண்டு. ஒரே சட்டகத்தில் தெரிந்த இருவரும் தெரியாத ஒருவனும் சேர்ந்து ஆடும் அந்தச் சில நொடிகளுக்காகவே இந்த எபிசோடை மறுபடி பார்க்கலாம்.

அப்புறம்தான் ஆட்டம். நேராகப் போய் "தெரியும்" என்று சொல்லிவிடலாம். ஜோயி அதைத்தான் கெஞ்சுகிறான். பாவம், இவர்களுக்காக அவன் சுமந்த பழி கொஞ்சமா? ஒன்பதாவது எபிசோடில் சாண்ட்லரின் உள்ளாடை, கேமரா, மோனிகாவின் படம் என்று ஒவ்வொன்றுக்கும் "அது என்னுடையது" என்று சொல்லிச் சொல்லியே ஊரில் வக்கிரம் பிடித்தவன் என்ற பட்டம் வாங்கியவன். ஆனால் ஃபீபிக்கு விளையாட்டு வேண்டும். சாண்ட்லரிடம் மயங்கியது மாதிரி நடித்து அவர்களை ஆட்டிவைக்கக் கிளம்புகிறாள். சாண்ட்லர் போய் மோனிகாவிடம் "ஃபீபிக்கு என்மேல் ஒரு கண்" என்கிறான். வாய்ப்பே இல்லை என்பதுதான் மோனிகாவின் முதல் பதில். யோசித்ததும் அவளுக்குப் பிடிபட்டுவிடுகிறது: இவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, சீண்டிப் பார்க்கிறார்கள். மோனிகா எதிலும் தோற்கச் சம்மதிக்காதவள். ரகசியம் வெளிவந்தது அவளுக்கு இரண்டாம்பட்சம், ஆட்டத்தில் ஜெயிப்பதுதான் முதல். சாண்ட்லரைத் திருப்பி ஏவுகிறாள்.

இங்கேதான் அந்தப் பிரபலமான வசனம் வருகிறது. எதிராளிகள் திருப்பி விளையாடுகிறார்கள் என்று கண்டுபிடித்த ஃபீபி சொல்வது. தமிழில் சொல்லிப் பார்த்தேன்: "நமக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியும்னு நமக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது!" இங்கிலீஷில் "தெரியாது" முதலிலேயே வந்துவிடும். அங்கிருந்து ஒவ்வொரு மடிப்பாக உள்ளே போகவேண்டும், கேட்பவர் பாதியில் தொலைந்துபோவதுதான் நகைச்சுவை. நம் வாக்கியமோ உள்ளிருந்து வெளியே கட்டிக்கொண்டு வருகிறது. மூன்று "தெரியும்" ஏறி வந்து கடைசிப் படியில் ஒரே ஒரு "தெரியாது". அர்த்தம் தெளிவாக விழுந்துவிடுகிறது, குழப்பம் கொஞ்சம் குறைந்துவிடுகிறது. சப்டைட்டில் எழுதுகிறவர்கள் இதில் எதை விட்டுக்கொடுப்பது என்று தவிக்கத்தான் வேண்டும்.

அந்த வாக்கியம் வெறும் நாக்குச் சுழற்றல் இல்லை. எபிசோடின் கட்டுமானமே அதுதான். நாடகக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று: ரகசியம் தன்னளவில் அவ்வளவாகச் சிரிப்பு மூட்டாது, யாருக்கு எவ்வளவு தெரியும் என்ற ஏற்றத்தாழ்வுதான் மூட்டும். லண்டனில் பார்வையாளருக்கும் விஷயம் தெரியாது, அதனால் அது அதிர்ச்சி. இங்கே ஒன்பது மாதமாகப் பார்வையாளருக்கு எல்லாம் தெரியும். ஒவ்வொரு பாத்திரமும் தனக்குத்தான் அதிகம் தெரியும் என்று நினைப்பதை நாம் மேலே உட்கார்ந்து பார்க்கிறோம். முன்கதை இல்லாமல் பார்த்த உங்களுக்கு இந்த மேல் நாற்காலி கிடைத்திருக்காது. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இதுதான்.

கடைசிச் சந்திப்பு சாண்ட்லர் வீட்டில். அறையில் இரண்டு பேர், இரண்டு கதவு, இரண்டு பக்கமும் பயிற்சியாளர்கள். குளியலறைக்குள் மோனிகா, வாசல் கதவுக்கு வெளியே ரேச்சலும் ஜோயியும். சண்டைச் சேவல்களை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்பவர்கள் மாதிரி. இரு தரப்பும் எதிராளி முதலில் பின்வாங்குவான் என்று காத்திருக்கிறார்கள். ஒயின் ஊற்றுகிறார்கள், ஃபீபி ஏதோ ஒரு நடனம் ஆடுகிறாள், தைலம் தேய்க்கச் சொல்கிறாள். உள்ளே ஓடிப்போய் அழாத குறையாகச் சாண்ட்லர் மோனிகாவிடம் முறையிடுகிறான். மோனிகா பிடித்துத் தள்ளி மறுபடி வெளியே அனுப்புகிறாள். மாத்யூ பெர்ரியும் லிசா குட்ரோவும் நெருங்கும் அந்த முத்தக் காட்சியில் கைகளை மட்டும் பாருங்கள். எங்கே வைப்பது என்று தெரியாமல் நான்கு கைகளும் காற்றில் அலைகின்றன. உதடு தொடும் கணத்தில் இருவர் கண்ணும் விரியத் திறந்திருக்கின்றன.

சாண்ட்லர் உடைகிறான். அவளைத் தள்ளிவிட்டு, தோற்றேன் என்கிறான். ஏன் முடியாது என்று ஃபீபி விடாமல் நெருக்க, மோனிகாவைக் காதலிப்பதால்தான் என்று கத்திவிடுகிறான். குளியலறைக் கதவு திறக்கிறது. மோனிகா நிற்கிறாள். இவ்வளவு நேரம் கத்தியவன் குரல் தணிந்து, அதையே இப்போது அவளிடம் நேராகச் சொல்கிறான். அவளும் சொல்கிறாள்.

இது ஏன் முக்கியம் என்றால், எட்டாவது எபிசோடில் ஒருமுறை அவன் வாய்தவறி "ஐ லவ் யூ" சொல்லியிருக்கிறான். மோனிகா அவனைச் சிரிக்கவைக்க ஒரு முழு வான்கோழியைத் தலையில் மாட்டிக்கொண்டு ஆடியபோது. சொன்ன அடுத்த நொடியே "நான் சொல்லவே இல்லை" என்று பின்வாங்கினான். மனதில் எது வந்தாலும் அதன்மேல் ஒரு ஜோக்கைப் போட்டு மூடிவிடுவது சாண்ட்லரின் சுபாவம். அப்படிப்பட்டவன், ஜோக்கே ஆயுதமாக இருக்கும் ஒரு ஆட்டத்தின் உச்சியில், இனி ஜோக் எதுவும் கையில் இல்லாத நிலைக்குத் தள்ளப்பட்டு உண்மையைச் சொல்கிறான். இந்த முறை திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஃபீபிக்கே அதிர்ச்சி. உங்களுக்குள் சும்மா ஒரு இது என்றல்லவா நினைத்தேன், காதல் என்று தெரியாதே என்கிறாள். ஆட்டம் ஆடிய நால்வருக்கும் தெரிந்திராத ஒரே விஷயம் அதுதான். யாருக்கு என்ன தெரியும் என்று அத்தனை கணக்குப் போட்டவர்கள் இதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். எதிர் வீட்டுக்காரரை வைத்து ஓடும் உடல் கேலி இன்று பார்க்கும்போது நெளியவைக்கிறது. ரோஸ் வீட்டைப் பிடிக்கும் கிளைக்கதையில் அந்தக் கேலிக்குக் கொஞ்சம் பரிகாரம் நடக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்த வீட்டுக்குப் போட்டியிட்ட மற்றவர்கள் அவருக்குப் பெரிய பெரிய பரிசாக அனுப்ப, ரோஸ் அனுப்பியது ஒரு கூடை குட்டி மஃபின். ஏளனமாகப் போகும் என்று தெரிந்ததும் அவன் வேறு வழி கண்டுபிடிக்கிறான். அவரோடு போய், அவர் இருக்கும் கோலத்திலேயே தானும் உட்கார்ந்து மஃபின் சாப்பிடுகிறான். அதை நண்பர்கள் ஜன்னல் வழியே பார்க்கிறார்கள். அந்த மனிதரோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிய முதல் ஆள் ரோஸ்தான். வீடும் அவனுக்கே கிடைக்கிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, அண்ணனிடம் மறைத்தது நியாயமா என்பது. காதல் வெளிப்பட்டதும் ஜோயி "அப்பாடா, எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு" என்று பெருமூச்சு விடுகிறான். ரோஸுக்கு இன்னும் தெரியாதே, யாரும் சொல்லிவிடாதீர்கள் என்கிறார்கள் இருவரும். ஜோயியின் முகம் தொங்குகிறது. வெறும் கோழைத்தனம் என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற மூவருக்கும் இது இரண்டு நண்பர்களின் சமாசாரம். ரோஸுக்கு மட்டும்தான் இரு பக்கமும் பாத்தியதை. நாளைக்கு இது முறிந்தால் தங்கை பக்கம் நிற்பதா, கல்லூரி நாளிலிருந்து கூட இருக்கும் நண்பன் பக்கம் நிற்பதா? அவனிடம் சொல்வதென்றால் இது முறியாது என்ற நம்பிக்கை சொல்பவருக்கு வேண்டும். அந்த நம்பிக்கை இவர்களுக்கே இந்த எபிசோடின் கடைசி இரண்டு நிமிடத்தில்தான் வருகிறது. தவிர, கல்யாணம், வீடு, வேலை மூன்றையும் இழந்து கோபத்தில் கொதிக்கும் ஒருவனிடம் எப்போது சொல்வது? ஆனாலும் அவன் வீட்டிலேயே இருக்கும்போது மற்ற மூவருக்கும் தெரியவிட்டு அவனை மட்டும் விட்டுவைத்தது தப்புத்தான். காதலைவிட, கடைசி ஆளாகத் தெரிந்துகொள்வதுதான் அண்ணனுக்கு அதிகம் வலிக்கும்.

பெயர்கள் ஓடுவதற்கு முன் வரும் கடைசிக் காட்சி. ரோஸ் தன் மேலதிகாரியைப் புது வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறான். கோபமெல்லாம் தணிந்துவிட்டது, வேலையும் திரும்பக் கிடைத்துவிட்டது. அமைதியின் திருவுருவமாக ஜன்னல் பக்கம் திரும்புகிறான். எதிரே மோனிகாவும் சாண்ட்லரும். கண்ணாடியில் அடித்துக்கொண்டு அவன் போடும் கூப்பாட்டைத் தமிழில் சொன்னால் "டேய் சாண்ட்லர், என் தங்கச்சிய விடுடா!" இங்கிலீஷில் வெறும் "சிஸ்டர்", அக்காவா தங்கையா என்று அந்தச் சொல்லில் இல்லை. நாம் "தங்கச்சி" என்றதுமே அண்ணன் என்ற பொறுப்பும் உரிமையும் தானாக வந்து ஒட்டிக்கொள்கின்றன.

நீங்கள் அத்தோடு நிறுத்தியிருந்தால் ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 18 அன்று வந்த அடுத்த எபிசோடின் முதல் காட்சியைத் தவறவிட்டிருக்கிறீர்கள். ரோஸ் கதவை இடித்துக்கொண்டு வந்து சாண்ட்லரைத் துரத்துகிறான். சாண்ட்லர் தன் காதலைச் சொல்கிறான், மோனிகாவும் சொல்கிறாள். "என் உயிர் நண்பனும் என் தங்கச்சியும்! என்னால நம்பவே முடியல!" என்று ரோஸ் முதலில் கொதித்துச் சொன்ன அதே வார்த்தைகளை, ஒரு எழுத்து மாறாமல், இப்போது முகமெல்லாம் பல்லாகச் சொல்லி இருவரையும் கட்டிக்கொள்கிறான். டேவிட் ஷ்விம்மர் குரலை மட்டும்தான் மாற்றுகிறார். மற்ற மூவருக்கும் முன்பே தெரியும் என்று தெரிந்ததும் கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறான். நீ எப்படி எடுத்துக்கொள்வாயோ என்று பயந்தோம் என்கிறார்கள். நான் எப்படி எடுத்துக்கொள்வேன் என்றா பயந்தீர்கள் என்று அவன் திருப்பிக் கேட்கும்போது, இரண்டு நிமிடம் முன்பு அவன் கதவை உடைத்த சத்தம் இன்னும் நம் காதில் இருக்கிறது.

மறுபடி பார்ப்பதாக இருந்தால் இந்த வரிசையில் பாருங்கள்: நான்காம் சீசனின் கடைசி இரண்டு பாகம், பிறகு ஐந்தாம் சீசனில் 5, 8, 9, 11, 14, அப்புறம் 15இன் முதல் காட்சி. ஒவ்வொன்றும் 20 நிமிடத்துக்குச் சற்றுக் கூடத்தான், ஒரு ஞாயிறு மதியத்தில் முடிந்துவிடும். 14க்கு வரும்போது ஜோயியின் முகத்தை மட்டும் விடாமல் கவனியுங்கள். வசனம் கம்மிதான், ஆனால் "தெரியும்" என்ற சொல் அறையில் விழும்போதெல்லாம் அவன் தோள் ஒரு அங்குலம் இறங்கும்.